வில்லைக்கும் ஒரு வெள்ளோட்டம்

புதிதாகக் கட்டிய தோணியை எந்த மீனவனும் முதல் நாளே ஆழ்கடலுக்குக் கொண்டு செல்வதில்லை. கரையோரமாக அரை நாளேனும் ஓட்டிப் பார்ப்பான். அடியில் நீர் கசிகிறதா, ஒரு பக்கம் சாய்கிறதா, இயந்திரத்தின் ஓசை ஒரே சீராக இருக்கிறதா என்று கண்ணாலும் காதாலும் பரீட்சிப்பான். அதற்கு வெள்ளோட்டம் என்று நம் முன்னோர் அழகியதொரு பெயர் இட்டிருக்கின்றனர். திருகோணமலைத் துறைமுகத்தைப் பார்த்தபடியே எழுபது ஆண்டுகளைக் கழித்த எனக்கு இஃதொன்றும் தெரியாத செய்தியன்று. ஆயினும், சென்ற ஆண்டு ஓய்வூதிய நிலுவைப் பணத்தில் என் கமராவுக்குப் புதிய வில்லையொன்று வாங்கியபோது அச்சொல் என் நினைவில் எழவேயில்லை. பெட்டியைப் பிரித்த அன்றே ஆழ்கடலுக்குப் போய்விட்டேன். அந்த அவசரத்தால் நான் இழந்தது பணமன்று. அதனைப் பின்னர்ச் சொல்லுவேன்.

என் பெரியம்மாவுக்கு வயது 93. 1942 ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 9 ஆந் திகதி காலை யப்பானிய விமானங்கள் இத்துறைமுகத்தின்மேல் குண்டு பொழிந்தபோது அவர் பத்து வயதுச் சிறுமி. சீனன்குடாவில் எண்ணெய்க் குதமொன்றின்மேல் விமானம் வீழ்ந்து தீப்பற்றியதும், அதே நாளில் மட்டக்களப்புக் கடலில் ஹேர்மிஸ் என்னும் விமானந் தாங்கிக் கப்பல் மூழ்கடிக்கப்பட்டதும் சரித்திர நூல்களில் உள்ளன. ஆனால் அச்சிறுமி எந்த வாசலில் நின்றாள், அவள் தாய் எதைக் கையில் எடுத்தாள், எதை விட்டுச் சென்றாள், தம்பலகாமம் நோக்கிப் போன மாட்டுவண்டியில் யார் யார் இருந்தனர் என்பனவெல்லாம் எந்த நூலிலும் இல்லை. அவற்றை அறிந்தவர் எங்கள் குடும்பத்தில் இன்று அவர் ஒருவரே. அவர் சொல்லச் சொல்ல முகத்தோடும் குரலோடும் பதிந்து வைக்க வேண்டும் என்பதற்காகவே அந்த வில்லையை வாங்கினேன். அவர் முகத்தை நெருங்கிக் காட்ட வேண்டும். ஆனால் கமரா அவர் மூக்கின்மேல் முட்டிக்கொண்டு நிற்கக் கூடாது. தூரத்தை அணுகச் செய்யும் நீண்ட வில்லைதான் அதற்கு ஏற்றது.

அன்று பிற்பகல் சன்னலோரக் கதிரையில் அமர்ந்து நாற்பது நிமிடம் பேசினார். இடையில் நான் ஒரு சொல்லும் சொல்லவில்லை. இரவு போட்டுப் பார்த்தேன். முகம் தெளிவாக இருக்கும். மறுகணம் அது புகையிற் கரைந்ததுபோல் மங்கிப் பின்னாலிருந்த சன்னற் கம்பிகள் பளிச்சென்று தெரியும். மீண்டும் முகம், மீண்டும் கம்பி. குரலுக்கு அடியிலோ, மரத்தை வண்டு குடைவதுபோல் இடைவிடாத ஓர் ஓசை.

விடிந்ததும் கொழும்பிலுள்ள கடைக்குத் தொலைபேசியில் அழைத்தேன். "மோட்டர் எண்டால் சத்தம் இருக்கத்தானே செய்யும் ஐயா" என்றார் கடைக்காரர். காசைத் திருப்பித் தரும்படி கேட்டேன். அதற்கு அவர் சொன்னதையும், நான் திருப்பிச் சொன்னதையும் இப்பத்திரிகையில் எழுதுதல் தகாது. இன்று எண்ணிப் பார்க்கையில் இருவரும் ஒரே தவற்றைத்தான் செய்தோம் என்று தோன்றுகிறது. அவர் பொருளைப் பாராமலே குறையில்லை என்றார். நான் பரீட்சியாமலே குறையென்றேன்.

நிற்க. என்னிடம் விஞ்ஞானம் படித்த மாணவன் ஒருவன் இப்போது கலியாண வீடுகளில் நிழற்படம் எடுத்துப் பிழைக்கிறான். அவனிடம் முறையிட்டேன். தன் கமராவையும் வில்லையையும் தூக்கிக்கொண்டு அன்று மாலையே வந்து சேர்ந்தான். வந்தவன் படம் ஒன்றும் எடுக்கவில்லை. "சேர், முதல்ல சத்தத்தைக் கேப்பம்" என்று விறாந்தையில் உட்கார்ந்துவிட்டான். முப்பது ஆண்டுகள் பரிசோதனை கற்பித்த வாத்தியாருக்கு அன்று பரிசோதனை கற்பிக்கப்பட்டது.

ஓசையென்று நான் ஒன்றாகச் சொன்னது உண்மையில் நான்காக இருந்தது. கமராவை அணைத்து வில்லையை மெல்ல ஆட்டினால் உள்ளே ஏதோ கழன்று கிடப்பதுபோல் 'கடக்' என்றது. என் நெஞ்சமும் அப்படியே என்றது. அவனோ சிரித்தான். இக்காலத்து வில்லைகள் சிலவற்றில் குவியத்தை மாற்றும் கண்ணாடித் தொகுதியைக் காந்த விசையே பிடித்து வைத்திருக்கிறது. மின்சாரம் நின்றால் பிடி நழுவி அது தன் பாதையில் இங்குமங்கும் சறுக்கும். கமராவை இயக்கினேன், ஓசை நின்றுவிட்டது. ஆகவே அது குறையன்று. அடுத்து, பொத்தானைப் பாதி அழுத்தியதும் எழுந்து, விட்ட பின்னும் சிறிது நேரம் தொடரும் மெல்லிய ரீங்காரம். அது கைநடுக்கத்தைத் தடுக்கும் அமைப்பின் ஓசை. 1995 இல் கனன் நிறுவனம் ஒற்றை வில்லைக் கமராவுக்கான வில்லையொன்றில் இவ்வமைப்பை முதன்முதலாகப் புகுத்தியது முதல் இந்த ரீங்காரம் உலகத்தார் காதுகளுக்குப் பழக்கம். அந்த ஆளியை அணைத்ததும் அதுவும் ஓய்ந்தது. மூன்றாவது, படம் பதியும் கணத்தில் உள்ளேயுள்ள இதழ்கள் சுருங்கி விரியும் சிறு சொடுக்கு. இதுவும் இயல்பானதே.

நான்காவதுதான் அவனைச் சற்றே நிமிர்ந்து உட்காரச் செய்தது. வில்லையை அதன் முழு நீளத்துக்கு நீட்டி, அண்மையிலிருந்து தொலைவுக்குக் குவியம் நகரும்போது, வழியில் ஓரிடத்தில் மட்டும் மணல் அரைபடுவதுபோன்ற கரகரப்பு. ஒவ்வொரு முறையும் அதே இடத்தில். "இது சரியில்லை சேர். ஆனா இப்பவே முடிவு சொல்லேலாது" என்றான்.

இவ்விடத்தில் வாசகருக்கு ஓர் ஐயம் எழலாம். நிழற்படக் கமராக்கள் தாமாகவே குவியத்தைத் தேடத் தொடங்கி அரை நூற்றாண்டாகப் போகிறது. 1977 இல் கொனிக்கா விற்பனைக்கு விட்ட சிறு கமராவே அவ்வகையில் பெருமளவில் மக்கள் கைக்கு வந்த முதலாவது. 1985 இல் மினோல்ட்டா 7000 வந்தபோது அதன் மோட்டர் கமராவின் உடலுக்குள் இருந்தது. திருகாணிபோன்ற ஒரு தண்டு வில்லையைச் சுழற்றும். அந்த ஓசை இன்றைய ஓசையை விடப் பன்மடங்கு பெரிது. அப்போதெல்லாம் எழாத முறைப்பாடு இப்போது ஏன் எழுகிறது? காரணம் எளிது. அக்காலக் கமராவுக்குக் கண் மட்டுமே உண்டு. 2008 இல் நிக்கோன் டி90 என்னும் கமரா அவ்வகையில் முதன்முதலாக அசையும் படத்தையும் ஒலியையும் பதிந்தது. கமராவுக்குக் காது முளைத்தது அன்றுதான். காதையோ வில்லைக்கு நான்கு விரற்கடை தூரத்தில் வைத்துவிட்டார்கள். பக்கத்திலுள்ள மோட்டரின் முணுமுணுப்பு, எட்ட இருக்கும் கிழவியின் குரலை விட அதற்கு உரக்கக் கேட்பதில் வியப்பென்ன? என் கமராவின் தலையில் ஒலிவாங்கியைச் செருக ஒரு துளை இருந்தது. சிறிய ஒலிவாங்கியொன்றைச் சேலைத் தலைப்பில் பொருத்தியிருந்தால் வண்டின் ஓசையிற் பெரும் பகுதி பதிந்தேயிராது. இது வில்லையின் குற்றமன்று, என் குற்றம்.

குவியத்தின் கதைக்கு வருகிறேன். வில்லை என்னும் சொல் நம் நாட்டுப் பள்ளிப் பாடநூல்களில் வேரூன்றிய சொல். மெழுகுவர்த்தியை ஏற்றி, முன்னால் வில்லையை நிறுத்தி, பின்னால் வெள்ளைத் திரையை முன்னும் பின்னும் நகர்த்தித் தலைகீழான சுடர் தெளியும் இடத்தைப் பிடிப்போமே, நினைவிருக்கிறதா? திரை அந்த இடத்தைத் தாண்டிவிடும். மீண்டும் பின்னால் இழுப்போம். இப்படி இரண்டு மூன்று முறை அலைந்துதான் நிற்போம். கமராக்களில் ஒரு சாரார் செய்வது இதனையே. உணரியில் விழும் உருவில் கருமையும் வெண்மையும் மிக்க வேறுபாட்டோடு பிரியும் இடம் வரும்வரை வில்லைக்குள் ஒரு கண்ணாடித் தொகுதியை நகர்த்திக்கொண்டே இருக்கும். மற்றொரு முறையில், வில்லையின் இரு ஓரங்களினூடாக வரும் ஒளியை ஒப்பிட்டு எத்திசையில் எவ்வளவு நகர வேண்டும் என்பதைக் கமரா முன்கூட்டியே கணித்துக்கொள்ளும். எம்முறையாயினும் பற்றிக்கொள்ள ஒரு கோடோ விளிம்போ வேண்டும். வெள்ளைச் சுவரின் முன் இரண்டுமே குருடு. பெரியம்மாவின் முகமோ நிழலில். அவர் பின்னால், ஒளி கொழிக்கும் சன்னலில், கறுத்த நெட்டுக் கம்பிகள். எங்கே பார்ப்பது என்பதைக் கமராவின் விருப்பத்துக்கே விட்டிருந்தேன். அது கம்பியைப் பார்த்தது. நானாயிருந்தாலும் அதைத்தான் பார்த்திருப்பேன்.

இன்னுமொன்று. வில்லையின் பக்கவாட்டில் சிறியதோர் ஆளி உண்டு. மூன்று மீற்றருக்கு உட்பட்ட எதனையும் தேடாதே என்று மோட்டருக்குக் கட்டளையிடும் ஆளி. தொலைவில் பறக்கும் பறவையைப் பிடிப்போருக்கு அது பெருந்துணை. தேடும் நேரம் மிச்சமாகும். என் வில்லை பெட்டியிலிருந்து வந்தபோதே அது அந்நிலையில் இருந்தது. பெரியம்மா சாய்ந்திருந்தபோது எல்லைக்கு அப்பால் இருந்தார். கதை சூடுபிடித்து முன்னால் சாயும்போதெல்லாம் எல்லைக்குள் வந்தார். அவர் முகத்தை நான் எந்தக் கணங்களில் மிக விரும்பினேனோ அந்தக் கணங்களிலேயே என் கமரா அவரைப் பார்க்க மறுத்தது.

இவற்றையெல்லாம் நீக்கிய பின்னர்தான் சுவர்ப் பரீட்சை. அவன் சென்ற ஞாயிற்றுக்கிழமையின் இந்த இலக்கியப் பக்கத்தையே எடுத்துச் சுவரில் ஒட்டினான். (என் எழுத்து வந்த பக்கமன்று என்பதில் எனக்குச் சிறு ஆறுதல்.) அச்செழுத்தைப் போல நல்ல இலக்கு வேறில்லை. கமராவை முக்காலித் தாங்கியில் சுவருக்கு நேராக நிறுத்தி, நடுக்கந் தடுக்கும் ஆளியை அணைத்து, பகல் வெளிச்சத்தில், நடுப்புள்ளி ஒன்றை மட்டும் தெரிந்து, ஒவ்வொரு முறையும் குவியத்தை வேண்டுமென்றே கலைத்துவிட்டுப் பத்துப் படம் எடுத்தான். பின்னர் வளையத்தைக் கையால் திருப்பி, திரையிற் பெருக்கிப் பார்த்து, தெளிவானதொரு படம் எடுத்து வைத்தான். பத்தும் ஒரே அளவாக மங்கி, கையால் எடுத்தது மட்டும் தெளிந்தால் கணிப்பில் பிசகு. கண்ணாடி வைத்த பழைய வகைக் கமராக்களில் இதனை உள்ளேயே திருத்திக்கொள்ளும் வசதி பலவற்றில் உண்டு. சில தெளிந்து சில மங்கினால் மோட்டரைச் சந்தேகிக்கலாம். கையால் எடுத்ததும் மங்கலானால் கண்ணாடியே சரியில்லை. ஒரு பக்கத்து எழுத்து மட்டும் மங்கினால் உள்ளேயுள்ள கண்ணாடியொன்று நடு விலகியிருக்கிறது. எனக்கு வந்தது இரண்டாவது வகை. முழு நீளத்தில் பத்தில் நான்கு தவறின, கரகரப்பும் கூடவே.

அப்போதும் அவன் தீர்ப்புச் சொல்லவில்லை. முன்னால் மாட்டியிருந்த மலிவான காப்புக் கண்ணாடியைக் கழற்றச் சொன்னான். பொன் பூசிய தொடுகைப் புள்ளிகளை உலர்ந்த மென்துணியால் துடைத்தான். பற்றரியை மாற்றினான். கமராவின் மென்பொருளையும் வில்லையின் மென்பொருளையும் புதுப்பித்தான். மீண்டும் நான்கு தவறின. ஈற்றில் தன் வில்லையை என் கமராவில் மாட்டினான், பத்தும் தெளிவு. என் வில்லையைத் தன் கமராவில் மாட்டினான். அதே இடம், அதே கரகரப்பு. "இப்ப சொல்லலாம் சேர். வில்லையிலதான் பிழை" என்றான். மாலை ஐந்துக்குத் தொடங்கிய வேலை மறுநாள் நண்பகலில் முடிந்தது. நான் முதல் நாள் காலையில் சினத்தோடு சொன்ன அதே முடிவுதான். ஆனால் அன்று சொன்னது வசவு, இன்று சொன்னது சான்று. பத்துப் படங்களையும் கரகரப்பின் ஒலிப்பதிவையும் இரு கமராக்களிலும் கண்டதையும் எழுதிக் கொழும்புக்கு அனுப்பினோம். அதே கடைக்காரர் மறுபேச்சின்றி வேறு வில்லை தந்தார்.

நம்மூர்க் காற்றைப் பற்றியும் ஒரு சொல் சொல்லாமல் தீராது. கச்சான் காற்று வீசும் மாதங்களில் நடுப்பகலில் உட்துறைமுகத்திலிருந்து மூதூர்ப் பக்கம் நிற்கும் கப்பலைப் படம் பிடித்துவிட்டு, வில்லை மங்கல் என்று முறையிடுவோர் உளர். வெப்பத்தால் கொதித்தெழும் காற்று நீர்மேல் நெளிகிறது. உலகத்தின் எந்த வில்லையும் அந்த நெளிவுக்கு அப்பால் கூர்மையாகக் காணமாட்டாது. காலை ஆறரைக்கு அதே இடத்தில் நின்று பாருங்கள். நீலத் திமிங்கிலம் பார்க்கப் படகேறும் பயணிகளும் இதனை அறிதல் நன்று. (கடற்படைத் தளத்துப் பக்கம் மட்டும் எந்த நேரத்திலும் வில்லையைத் திருப்பாதீர்கள்; அங்கே வேறு விதமான சிக்கல் வரும்.) குளிரூட்டிய அறையிலிருந்து நேரே கடற்கரைக்கு வந்தால் கண்ணாடியில் ஆவி படியும்; பையிலேயே சற்று நேரம் வைத்திருந்து திறக்க வேண்டும். உப்புக் காற்று தொடுகைப் புள்ளிகளை அரிக்கும். மாரி காலத்து ஈரத்தில் அலுமாரியில் பூட்டி வைத்த வில்லைக்குள் பூஞ்சணம் சிலந்தி வலைபோற் படரும். இவையெல்லாம் தொழிற்சாலையின் பிழைகளல்ல. படத்தில் மணல் தூவியதுபோல் தோன்றும் புள்ளிகளையும் இரைச்சல் என்றே இப்போது சொல்கிறார்கள்; அதுவும் வில்லையின் வேலையன்று, போதிய ஒளியின்றி உணரியைத் தூண்டுவதால் வருவது. ஒரே சொல் இரண்டு நோய்க்குப் பெயராகிவிட்டதால் இளைஞர் பலர் தவறான மருந்தைத் தேடி அலைகின்றனர்.

மங்கல் எல்லாம் குற்றமா என்று கேட்கும் கலைஞர்களையும் நான் அறிவேன். 1875 இல் இலங்கைக்குக் குடிவந்து 1879 இல் இங்கேயே மறைந்த யூலியா மார்கரெட் கமரன் அம்மையாரின் படங்களைக் குவியந் தவறியவை என்று இங்கிலாந்து விமரிசகர்கள் எள்ளினர். இன்று அவை அரும்பொருட் சாலைகளில் உள்ளன. உண்மையே. ஆனால் அந்த மென்மை அவர் வேண்டி வைத்தது. என் படத்தில் இருந்த மங்கலை நான் வேண்டவில்லை. இரண்டுக்கும் இடையிலுள்ள தூரம் பெரிது. 1956 இல் மைக் வில்சனும் ஆதர் சி. கிளார்க்கும் சுவாமி மலையின் அடியில் கடலில் மூழ்கிக் கோணேசர் ஆலயத்தின் பழைய தூண்களைக் கண்டு படமெடுத்த காலத்தில், தானே தேடும் மோட்டர் எதுவும் இல்லை. எந்த இடத்தில் தெளிவு வேண்டும் என்பதை மனிதனே தீர்மானித்தான். இன்று அத்தீர்மானத்தை மோட்டரிடம் ஒப்படைக்கிறோம். ஒப்படைக்குமுன் அதன் நாணயத்தை அறிய வேண்டாமா?

ஆகவே கடைக்காரருக்கு ஒரு வேண்டுகோள். பெட்டியின் முத்திரையை உடைத்தால் திருப்பி எடுக்கமாட்டோம் என்று சொல்வதை விட்டு, வாங்குபவர் முன்னிலையில் கால்மணி நேரம் அதனை மாட்டிக் காட்டுங்கள். ஒரு தாள் எழுத்தும் ஒரு முக்காலித் தாங்கியும் போதும். வீண் சண்டையில் பாதி கடைவாசலிலேயே தீரும். வாங்குவோருக்கும் ஒன்று: கனடாவிலிருந்தோ துபாயிலிருந்தோ உறவினர் பெட்டியில் வரும் வில்லை மலிவுதான், ஆனால் பல நிறுவனங்களின் உத்தரவாதம் விற்ற நாட்டின் எல்லையோடு நின்றுவிடுகிறது. அங்கேயே ஒரு சுவரில் செய்தித்தாளை ஒட்டிப் பரீட்சித்துவிட்டு அனுப்பச் சொல்லுங்கள். கலியாண வீட்டுக்குப் போகும் தம்பிமாருக்கு நான் சொல்ல என்ன இருக்கிறது! தாலி இரண்டாம் முறை ஏறாது என்பது அவர்களுக்கு என்னை விட நன்றாகத் தெரியும்.

என் வில்லையோடு வந்த சிறு நூலில் பல மொழிகள் இருந்தன. தமிழைத் தேடினேன், இல்லை. மூன்று மீற்றர் ஆளியைப் பற்றி அதில் தெளிவாகவே எழுதியிருந்ததைப் பின்னர் ஆங்கிலத்திற் படித்தேன். வில்லை, குவியம், விம்பம், ஆளி என்று சொற்களை ஆக்கி வைத்து இரண்டு மூன்று தலைமுறைக்குக் கற்பித்த நாம், அச்சொற்களைக் கொண்டு நான்கு பக்கத்தில் ஒரு கைந்நூல் எழுதிக் கடைகளில் வைக்க முடியாதவர்களா? நான் எழுதத் தொடங்கியிருக்கிறேன். என் மாணவன் திருத்துகிறான்.

புதிய வில்லை வந்ததும் ஒரு வாரம் அதனை வெள்ளோட்டம் விட்டேன். கோட்டைக்குள் திரியும் புள்ளிமான்களையும், டச்சு விரிகுடாவில் வலை இழுப்போரையும், சுவரிலுள்ள செய்தித்தாளையும் எடுத்தேன். பின்னர் பெரியம்மாவை மறுபடியும் இருத்தினேன். கதிரையைச் சன்னலுக்கு எதிராகத் திருப்பிப் போட்டேன். ஒலிவாங்கியைச் சேலையில் பொருத்தினேன். படம் கண்ணாடிபோல் இருந்தது. குரலும் அப்படியே.

ஆனால் முதல் முறை சொன்னபோது, குண்டுச் சத்தம் கேட்டு ஓடிய தாய் அடுப்பில் கொதித்த உலையை அப்படியே விட்டு வந்ததைச் சொல்லி, "நான் போய் நெருப்பை அணைச்சிட்டு வாறன் எண்டு அழுதனான்" என்று சிரித்துவிட்டு, பெரியம்மா முன்னால் சாய்ந்து நெடுநேரம் ஒன்றும் பேசாதிருந்தார். இரண்டாம் முறை உலை வந்தது. அந்தச் சிரிப்பும் மௌனமும் வரவில்லை. முன்பே சொல்லிவிட்ட கதையைச் சொல்வதுபோல் விரைந்து சொல்லி முடித்தார். முதற் பதிவை எடுத்துப் பார்த்தேன். அந்த மௌனம் நாற்பது விநாடிக்கு மேல் நீள்கிறது. முகம் தெரியவில்லை, சன்னற் கம்பிகள்தான் தெளிவாக இருக்கின்றன. மோட்டர் அதே இடத்தில் அரைபட்டுக்கொண்டிருக்கிறது. பெரியம்மா நலமாக இருக்கிறார். மூன்றாம் முறை கேட்க எனக்கு மனம் வரவில்லை.